எர்ரரை ஜேசனாக்கினால் வெறும் {} வருவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிரலில் தப்பு நடந்தால் கிடைக்கும் எர்ரர் ஆப்ஜெக்டை ஜேசன் என்ற உரை வடிவத்துக்கு மாற்றினால், விவரமெல்லாம் காணாமல் போய் {} என்ற காலி ஆப்ஜெக்ட் மட்டும் வரும். ஜாவாஸ்கிரிப்டில் வேலை செய்கிறவர்கள் என்றாவது ஒரு நாள் இதில் மாட்டாமல் போவதில்லை. நான் மாட்டியது, இரவில் தானாக ஓடும் ஒரு நிரல் பாதியில் நின்றபோது. காலையில் லாகை, அதாவது நிரல் எழுதிவைக்கும் பதிவை, திறந்தால் வரிக்கு வரி "எர்ரர்":{} என்று இருந்தது. தப்பு நடந்திருக்கிறது, என்ன தப்பு என்பது மட்டும் இல்லை. அதே கோளாறு மறுபடி தலைகாட்டும்வரை இரண்டு நாள் காத்திருந்தோம். வந்த பிறகு சரிசெய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதிலிருந்து மற்றவர்கள் என்னிடம் கேட்டதும், நானே தேடிப் பார்த்ததும்தான் இந்தக் கேள்விகள். நிரல் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்; எடிட்டரில் வழக்கம்போல அடித்துக்கொள்ளுங்கள்.

ஜேசன்.ஸ்ட்ரிங்கிஃபை-யிடம் எர்ரரைக் கொடுத்தால் ஏன் {} மட்டும் வருகிறது?

மதிப்புகளை ஜேசன் உரையாக்கும் ஃபங்ஷனான ஸ்ட்ரிங்கிஃபை ஓர் ஆப்ஜெக்டைப் பார்க்கும்போது இரண்டு நிபந்தனை வைக்கிறது. ப்ராப்பர்ட்டி அந்த ஆப்ஜெக்டுக்கே சொந்தமாக இருக்க வேண்டும். ப்ரோட்டோடைப்பிலிருந்து, அதாவது ஒரே வகை ஆப்ஜெக்டுகள் பகிர்ந்துகொள்ளும் மூல ஆப்ஜெக்டிலிருந்து, வந்ததாக இருக்கக் கூடாது. கூடவே அது எனுமரபிளாகவும் இருக்க வேண்டும், அதாவது லூப் போட்டால் கண்ணில் பட வேண்டும்.

எர்ரரில் நமக்கு வேண்டிய மூன்றும், அதாவது மெசேஜ் (என்ன தப்பு), நேம் (எர்ரரின் வகை), ஸ்டாக் (எந்தெந்த ஃபங்ஷன் வழியாக வந்தது), இதில் தோற்கின்றன. மெசேஜ் ஆப்ஜெக்டுக்குச் சொந்தம்தான், ஆனால் எனுமரபிள் இல்லை. நேம் எர்ரருக்குள்ளேயே கிடையாது. அது ப்ரோட்டோடைப்பில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டாக், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும்: குரோமிலும், சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டப் பயன்படும் நோடிலும் உள்ள வி8-இல் ஆப்ஜெக்டின் மேலேயே, ஆனால் எனுமரபிள் ஆகாமல், ஃபயர்ஃபாக்ஸில் ப்ரோட்டோடைப்பில் ஒரு கெட்டராக, அதாவது கேட்கும்போது மதிப்பைத் தரும் ஃபங்ஷனாக. எப்படிப் பார்த்தாலும் ஸ்ட்ரிங்கிஃபை கையில் ஒன்றும் சிக்காது.

இது பக் இல்லை, மொழியின் விதிப்படியே நடப்பது. என் கோபம் வேறு இடத்தில்: எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு, ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் செல்லுபடியாகும் ஜேசனைக் கையில் கொடுக்கிறது. சத்தம் போட்டு விழுந்திருந்தால் அன்றே பிடித்திருப்போம்.

கன்சோலில் அச்சிட்டால் முழுதாகத் தெரிகிறதே?

கன்சோல் ஜேசன் வழியாகப் போவதில்லை. நோடில் யூட்டில்.இன்ஸ்பெக்ட் என்ற வேறொரு வழி. ப்ரௌசரில் டெவ்டூல்ஸின் சொந்த வழி. அவற்றுக்கு எர்ரர் என்றால் என்ன என்று தெரியும், தனியாகக் கவனித்து அச்சிடும். அதனால்தான் நம் கணினியில் எல்லாம் சரியாகத் தெரிந்து, சர்வரில் லாக் ஜேசனாக மாறும் இடத்தில் காணாமல் போகிறது.

என் எர்ரரில் கோட், பாத் எல்லாம் வருகிறது. மெசேஜ் மட்டும்தான் இல்லை. இது எப்படி?

{} வருவதைவிட இது ஆபத்து, ஏனென்றால் பார்த்தால் சரியாக இருப்பது போலவே இருக்கும். நோடில் இல்லாத ஒரு கோப்பைத் திறக்க முயன்று, வந்த எர்ரரை ஸ்ட்ரிங்கிஃபை செய்து பாருங்கள். லினக்ஸில் இப்படி வரும்:

{"எர்ர்நோ":-2,"கோட்":"ஈநோஎன்ட்","சிஸ்கால்":"ஓப்பன்","பாத்":"/டேட்டா/பட்டியல்.டிஎக்ஸ்டி"}

இந்த நான்கும் எர்ரர் உருவான பிறகு சாதாரணமாக ஒட்டவைக்கப்பட்டவை. சாதாரணமாக ஒட்டவைத்தால் எனுமரபிள். நீங்கள் எழுதும் எர்ரர் கிளாஸிலும் இதே கதைதான்: கன்ஸ்ட்ரக்டரில் திஸ்.கோட் என்று எழுதியது வெளியே வரும், தாய் கிளாஸை அழைக்கும் சூப்பருக்குக் கொடுத்த மெசேஜ் வராது. திஸ்.நேம் என்று எழுதியிருந்தால் நேமும் வரும். ஒரு கிளாஸில் நேம் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை என்று குழம்புகிறவர்கள் முதலில் கன்ஸ்ட்ரக்டரைப் பார்க்கவும்.

மூன்று புள்ளி போட்டு எர்ரரைப் பரப்பிப் புது ஆப்ஜெக்ட் செய்தாலும் இதே ஓட்டைதான்; அதுவும் சொந்தமான, எனுமரபிளான ப்ராப்பர்ட்டிகளை மட்டுமே எடுக்கும்.

இரண்டாவது ஆர்க்யுமெண்டாக ஆப்ஜெக்ட்.கெட்ஓன்ப்ராப்பர்ட்டிநேம்ஸ் கொடுத்தால் போதும் என்கிறார்களே?

ஸ்ட்ரிங்கிஃபை-யின் இரண்டாவது ஆர்க்யுமெண்டாக ஒரு அரே கொடுத்தால், அதில் உள்ள பெயர்களை மட்டும் எடுக்கும். எனுமரபிளா என்று பார்க்காது. எர்ரரின் சொந்தப் பெயர்களையே அந்த அரேயாகக் கொடுப்பதுதான் இந்த ஒரு வரித் தந்திரம். டீபக் செய்யும்போது அவசரத்துக்கு நானும் போடுவதுண்டு. நிரந்தரமாக வைக்கத் தகுந்ததல்ல.

நேம் வராது, அது ப்ரோட்டோடைப்பில் இருப்பதால். ஃபயர்ஃபாக்ஸில் ஸ்டாக்கும் வராது, அதே காரணத்துக்காக. பெரிய சிக்கல் இன்னொன்று. அந்த அரே மேல்மட்டத்துக்கு மட்டுமில்லை, உள்ளே எத்தனை அடுக்கு இருந்தாலும் அத்தனைக்கும் அதுவே வடிகட்டி. எர்ரரில் டீட்டெய்ல்ஸ் என்று ஓர் ஆப்ஜெக்ட், அதற்குள் யூசர்ஐடி என்று வைத்துக்கொள்வோம். யூசர்ஐடி என்ற பெயர் மேல்மட்டப் பட்டியலில் இல்லை. ஆகவே டீட்டெய்ல்ஸ் {} என்று வரும். ஓட்டையை ஒரு படி கீழே தள்ளிவிட்டிருக்கிறோம், அவ்வளவே.

ஸ்டாக்கை மட்டும் அனுப்பினால் போதாதா? அதிலேயே நேமும் மெசேஜும் இருக்கிறதே?

வி8-இல் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி இரண்டிலும் ஸ்டாக்கின் தலையில் அந்த முதல் வரி கிடையாது; ஃபங்ஷன் பெயர்களும் இடங்களும் மட்டும்தான். ப்ரௌசரிலிருந்து எர்ரர் சேகரிக்கிறவர்கள் ஸ்டாக்கை மட்டும் நம்பினால், ஒரு பகுதிப் பயனர்களின் மெசேஜ் முழுவதும் போய்விடும்.

வி8-இலும் ஒரு நெருடல் உண்டு. அந்தத் தலைவரி எர்ரர் பிறக்கும்போதே எழுதப்பட்டுவிடும். சூப்பரை அழைத்த பிறகு திஸ்.நேம் மாற்றினால் ஸ்டாக்கின் தலையில் பழையபடி எர்ரர் என்றே நிற்கும். பின்னால் மெசேஜோடு எதையாவது சேர்த்தாலும் அங்கே ஏறாது. அதனால் மூன்றையும் தனித்தனியாக எடுங்கள். ஸ்டாக் இயல்பாகப் பத்து அடுக்கோடு நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள், வேண்டுமானால் எர்ரர்.ஸ்டாக்ட்ரேஸ்லிமிட்-ஐ உயர்த்தலாம், இதுவும் வி8-இல்.

எர்ரர்.ப்ரோட்டோடைப்பில் டூஜேசன் ஒன்று எழுதிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமே?

ஓர் ஆப்ஜெக்டில் டூஜேசன் என்ற ஃபங்ஷன் இருந்தால் ஸ்ட்ரிங்கிஃபை முதலில் அதைத்தான் கூப்பிடும். டேட் ஆப்ஜெக்ட் ஸ்ட்ரிங்காக வருவது அதனால்தான். எனவே எழுதினால் வேலை செய்யும். ஆனாலும் நான் எழுதமாட்டேன். எர்ரர் நிரல் முழுவதற்கும் பொது. நீங்கள் போட்ட டூஜேசன் மற்ற எல்லா லைப்ரரிகளின் எர்ரருக்கும் ஒட்டிக்கொள்ளும். முக்கியமாக, இதுவரை ஸ்டாக்கை வெளியே விடாத இடங்கள் நாளையிலிருந்து விட ஆரம்பிக்கும், யாரும் அங்கே ஒரு வரியும் மாற்றாமலேயே.

நீங்களே எழுதும் எர்ரர் கிளாஸில் டூஜேசன் வைப்பது வேறு. அது உங்கள் வீடு, தாராளமாக வைக்கலாம்.

அப்படியானால் நீங்கள் எப்படித்தான் எழுதுகிறீர்கள்?

சிறிய அளவுக்கு ஒரு ரிப்ளேசர் ஃபங்ஷன் போதும். ஸ்ட்ரிங்கிஃபை ஒவ்வொரு மதிப்பையும் எழுதும் முன் அதனிடம் காட்டும். எர்ரராக இருந்தால் சாதாரண ஆப்ஜெக்டாக்கித் திருப்பிக் கொடுக்கிறோம்:

(கீ, வேல்யூ) => வேல்யூ இன்ஸ்டன்ஸ்ஆஃப் எர்ரர்
  ? { நேம்: வேல்யூ.நேம், மெசேஜ்: வேல்யூ.மெசேஜ், ஸ்டாக்: வேல்யூ.ஸ்டாக், ...வேல்யூ, காஸ்: வேல்யூ.காஸ், எர்ரர்ஸ்: வேல்யூ.எர்ரர்ஸ் }
  : வேல்யூ

நேம், மெசேஜ், ஸ்டாக் மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்கிறோம். பெயர் சொல்லிக் கேட்டால் அது ப்ரோட்டோடைப்பில் இருந்தாலும் கிடைக்கும். மூன்று புள்ளி, கோட் மாதிரி ஒட்டவைத்தவற்றைக் கொண்டுவரும். காஸ் என்பது இஎஸ்2022 என்ற மொழிப் பதிப்பில் வந்தது: ஓர் எர்ரரைப் பிடித்து இன்னொன்றாக வீசும்போது மூல எர்ரரை அதில் வைக்கலாம். எர்ரர்ஸ் என்பது ப்ராமிஸ்.எனி தோற்றால் வரும் அக்ரிகேட்எர்ரரின் பட்டியல், இஎஸ்2021-இல் வந்தது. இரண்டும் எனுமரபிள் இல்லை, அதனால்தான் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. ஓர் எர்ரரில் அவை இல்லாவிட்டால் மதிப்பு அன்டிஃபைண்டாக இருக்கும், ஸ்ட்ரிங்கிஃபை தானே விட்டுவிடும். காஸுக்குள் இருக்கும் எர்ரருக்கும் ரிப்ளேசர் மறுபடி கூப்பிடப்படுவதால் சங்கிலி முழுவதும் விரியும். ஆறேழு அடுக்குக்குக் கீழே எங்கோ புதைந்திருக்கும் எர்ரரையும் இது கண்டுபிடித்துவிடும்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்திருக்கிறேன். தன்னையே சுற்றிவரும் ஆப்ஜெக்டை ஸ்ட்ரிங்கிஃபை தானாகக் கண்டுபிடித்து டைப்எர்ரர் வீசும் என்பது தெரிந்ததே. அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதே ஆப்ஜெக்டுக்குள் ஏற்கெனவே இருக்கிறோமா என்று பார்த்து. நம் ரிப்ளேசரோ ஒவ்வொரு முறையும் புத்தம்புது ஆப்ஜெக்டைக் கொடுக்கிறது. அ என்ற எர்ரரின் காஸ் ஆ, ஆ-வின் காஸ் அ என்று யாராவது கோத்துவிட்டால், ஸ்ட்ரிங்கிஃபை பார்வையில் எதுவும் திரும்ப வரவில்லை, எல்லாமே புதுசு. முடிவில்லாமல் இறங்கி, கால் ஸ்டாக் நிரம்பி, ரேஞ்ச்எர்ரரில் போய் முடியும்.

ஆகவே சர்வரில் ஓடும் நிரலுக்கு நான் ரிப்ளேசரை விட்டுவிட்டுத் தனி ஃபங்ஷனாக எழுதுகிறேன். எர்ரரை வாங்கும், எத்தனையாவது அடுக்கு என்ற எண்ணையும் வாங்கும், ஐந்தைத் தாண்டினால் நிறுத்திவிடும். காஸ் சங்கிலி ஐந்துக்கு மேல் உண்மையிலேயே போனால் அங்கே சரிசெய்ய வேண்டியது லாக் அல்ல.

சுற்றிவரும் ஆப்ஜெக்ட், பிக்இண்ட் இவற்றால் ஸ்ட்ரிங்கிஃபை-யே விழுந்தால்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள், முதலில் கேட்க வேண்டியது. எர்ரரில் ஒட்டவைத்ததில் என்ன இருக்கும் என்று நமக்குத் தெரியாது. நெட்வொர்க் லைப்ரரிகள் ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்டையே ஒட்டிவிடும். அதற்குள் சாக்கெட், சாக்கெட்டுக்குள் மறுபடி ரிக்வெஸ்ட். மிகப் பெரிய முழு எண்களுக்கான பிக்இண்ட் ஒன்று இருந்தாலும் போதும், டைப்எர்ரர்தான். இது நடப்பது கேட்ச் பிளாக்குக்குள். அங்கேயிருந்து புது எர்ரர் கிளம்பினால், எதைப் பதிவுசெய்ய வந்தோமோ அது போயே போச்சு; லாகில் நிற்பது ஜேசனைப் பற்றிய புகார்.

அதனால் இரண்டு படி. முழுசாக ஸ்ட்ரிங்கிஃபை செய்வதை ஒரு ட்ரைக்குள் போடுங்கள். விழுந்தால் நேம், மெசேஜ், ஸ்டாக் மூன்றையும் ஸ்ட்ரிங்காக மட்டும் எழுதுங்கள். ஒட்டவைத்தவை போனால் போகட்டும்.

மேப்பும் செட்டும் சத்தமில்லாமல் {} ஆகும், எண்ணாகாத மதிப்பைக் குறிக்கும் என்ஏஎன்-உம் இன்ஃபினிட்டியும் நல் ஆகும். இவை நிரலை நிறுத்தாது, தகவலை மட்டும் தின்னும்.

கேட்ச்சில் வருவது எர்ரர்தான் என்று நம்பலாமா?

கூடாது. த்ரோ-வுக்குப் பின்னால் ஸ்ட்ரிங், எண், அன்டிஃபைண்ட் எதையும் போடலாம் என்று மொழி விட்டிருக்கிறது, போடுகிறவர்களும் இருக்கிறார்கள். டைப்ஸ்கிரிப்ட் 4.4-இல் ஸ்ட்ரிக்ட் வைத்தால் கேட்ச் மாறியின் வகை அன்னோன் என்று ஆனது இதனால்தான். அதை எரிச்சலோடு எனி ஆக்கிவிட்டுப் போகாதீர்கள்.

இன்ஸ்டன்ஸ்ஆஃப் சோதனைக்கும் எல்லை உண்டு. ஐஃப்ரேமிலிருந்தோ நோடின் விஎம் சூழலிலிருந்தோ வந்த எர்ரருக்கு அது பொய் சொல்லும், ஏனென்றால் அங்கேயுள்ள எர்ரர் கன்ஸ்ட்ரக்டர் வேறு. நான் ஆப்ஜெக்டா, மெசேஜ் ஸ்ட்ரிங்கா, நேம் ஸ்ட்ரிங்கா என்று மட்டும் பார்ப்பேன். மூன்றும் ஆம் என்றால் எர்ரர் போலவே நடத்துகிறேன். இல்லையென்றால் வந்த மதிப்பை அப்படியே ஒரு ப்ராப்பர்ட்டியில் வைத்து, வந்தது எர்ரர் அல்ல என்று குறித்துவிடுகிறேன்.

ஃபெட்ச் என்ற நெட்வொர்க் கோரிக்கையை அபார்ட் செய்தால், அதாவது பாதியில் நிறுத்தினால், வருவதும் இதே வழியில் மாறுமா?

மாறும், பெயர் சொல்லிக் கேட்டால். அபார்ட்எர்ரர் என்ற நேமோடு வருவது டோம்எக்ஸெப்ஷன் என்ற வேறு வகை எர்ரர். அதில் நேம், மெசேஜ், கோட் மூன்றுமே ப்ரோட்டோடைப்பில் உள்ள கெட்டர்கள். சொந்தப் பெயர்களைப் பட்டியலெடுக்கும் ஒரு வரித் தந்திரம் இங்கே மெசேஜைக்கூடத் தராது.

லாகர் லைப்ரரி வைத்திருக்கிறேன். அது பார்த்துக்கொள்ளாதா?

பார்த்துக்கொள்ளும், அது எதிர்பார்க்கும் பெயரில் கொடுத்தால். நோடில் பயன்படும் பினோ என்ற லாகரை எடுத்துக்கொள்ளுங்கள். எர்ரரை எர் என்ற கீயில் கொடுத்தால் டைப், மெசேஜ், ஸ்டாக் எல்லாம் எழுதும். எர்ரர் என்ற கீயில் கொடுத்தால், இயல்பான அமைப்பில், அதற்கு அது ஏதோ ஓர் ஆப்ஜெக்ட். விளைவு நமக்குத் தெரிந்த {}. நான் மேலே சொன்ன இரவின் கதையும் இதுதான்: கீயின் பெயரில் இரண்டு எழுத்து கூடுதல். குழுவில் எல்லோரும் ஒரே கீயைப் பயன்படுத்தும்படி நிரலை ஓட்டாமலே சோதிக்கும் லின்ட் கருவியில் விதி ஒன்று போட்டுவிடுவது நல்லது.

இதே ஜேசனை ஏபிஐ பதிலாக அனுப்பிவிடலாமா?

வேண்டாம். லாகுக்குப் போவதும் வெளியாளுக்குப் போவதும் ஒன்றல்ல. ஸ்டாக்கில் சர்வரின் கோப்புப் பாதைகள் இருக்கும், டேட்டாபேஸ் எர்ரரின் மெசேஜில் டேபிள் பெயர் இருக்கும், ஒட்டவைத்த கன்ஃபிக்கில் ஆதரைசேஷன் ஹெடரே இருக்கலாம். ஆக்சியாஸ் என்ற நெட்வொர்க் லைப்ரரியின் எர்ரரில் சொந்தமாக டூஜேசன் உண்டு, அது கன்ஃபிக்கையும் சேர்த்தே கொடுக்கும். உங்கள் பதிப்பில் அதில் என்ன வருகிறது என்று ஒரு முறை அச்சிட்டுப் பாருங்கள். லாகுக்குமேகூட டோக்கனை மறைத்துவிட்டு எழுதுவதுதான் முறை.

வெளியே அனுப்பும் வடிவத்துக்கு ஒரு தரம் ஏற்கெனவே இருக்கிறது. 2016-இல் ஆர்எஃப்சி 7807 என்ற இணையத் தர ஆவணமாக வந்து, 2023-இல் ஆர்எஃப்சி 9457 ஆகப் புதுப்பிக்கப்பட்டது. டைப், டைட்டில், ஸ்டேட்டஸ், டீட்டெய்ல், இன்ஸ்டன்ஸ் என்று ஐந்து ப்ராப்பர்ட்டிகள். தேவையானால் நம்முடையதும் சேர்க்கலாம். நான் கூடவே ஓர் அடையாள எண்ணைச் சேர்த்து, அதே எண்ணை லாகிலும் எழுதுகிறேன். பயனர் அந்த எண்ணைச் சொன்னால் முழு எர்ரரும் நம் பக்கத்தில் கிடைத்துவிடும்.

வந்த ஜேசனை மறுபடி எர்ரராக்க முடியுமா?

எர்ரர் மாதிரி ஒன்றாக்கலாம். மெசேஜைக் கொடுத்து நியூ எர்ரர் செய்யுங்கள், நேமையும் ஸ்டாக்கையும் மேலெழுதுங்கள். ஸ்டாக்கை மேலெழுத மறந்தால், எர்ரர் நடந்த இடத்துக்குப் பதில் நீங்கள் அதை உயிர்ப்பித்த இடம் அதில் இருக்கும். யாராவது ஒரு மணி நேரம் தவறான கோப்பில் தேடுவார். பழைய கிளாஸ் திரும்ப வராது. வேண்டுமானால் நேமிலிருந்து கிளாஸுக்கு ஒரு சிறு பட்டியல் வைத்து, பட்டியலில் இருப்பதை மட்டும் உருவாக்குங்கள். வந்த நேமை வைத்து குளோபலில் தேடிக் கூப்பிடுவது வினையை விலைக்கு வாங்குவது.

மீதியை ஆப்ஜெக்ட்.அசைன் போட்டு மொத்தமாகக் கொட்டவும் வேண்டாம். வந்த ஜேசனில் ப்ரோட்டோ என்ற கீ, முன்னும் பின்னும் இரட்டைக் கீழ்க்கோட்டோடு இருந்தால், ஜேசன்.பார்ஸ் அதைச் சாதாரண ப்ராப்பர்ட்டியாகத்தான் வைக்கும். அசைன் அதை எழுதும்போது உங்கள் எர்ரரின் ப்ரோட்டோடைப்பே மாறிவிடும். தெரிந்த பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுங்கள்.

பின்னணியில் தனியாக ஓடும் வொர்க்கருக்கு அனுப்ப மட்டும்தான். அதற்கும் ஜேசன் வேண்டுமா?

வேண்டியதில்லை. போஸ்ட்மெசேஜ் பயன்படுத்தும், மதிப்பை நகலெடுக்கும் முறையான ஸ்ட்ரக்சர்ட் க்ளோனுக்கு எர்ரரைத் தெரியும். மெசேஜ் தானே போகும், மொழியோடு பிறந்த டைப்எர்ரர், ரேஞ்ச்எர்ரர் போன்ற நேம்களும் போகும். நீங்கள் வைத்த சொந்த நேம் வெறும் எர்ரர் என்று ஆகிவிடும். ஒட்டவைத்த கோட் போன்றவையும் வழியில் உதிர்ந்துவிடும். அவை முக்கியமென்றால் சாதாரண ஆப்ஜெக்டாக்கியே அனுப்புங்கள்.

இதற்கு ரெடிமேட் பேக்கேஜ் இல்லையா?

இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் களஞ்சியமான என்பிஎம்-இல் சீரியலைஸ்-எர்ரர் என்ற பேக்கேஜ் இரண்டு திசையிலும் மாற்றும், சுற்றிவருவதையும் கவனித்துக்கொள்ளும். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த ப்ராப்பர்ட்டி வெளியே போகலாம், எது கூடாது என்பதை அது உங்களுக்காக முடிவுசெய்யாது.

சரியாக மாறுகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ஐந்து எர்ரரை வைத்துக்கொள்ளுங்கள்: சாதாரண எர்ரர் ஒன்று, காஸ் உள்ளது ஒன்று, தன்னையே காஸாகக் கொண்டது ஒன்று, பிக்இண்ட் ஒட்டவைத்தது ஒன்று, எர்ரரே இல்லாத வெறும் ஸ்ட்ரிங் ஒன்று. ஐந்தையும் உங்கள் லாகர் வழியாக உண்மையாகவே எழுதி, வெளியே வந்த வரியை ஜேசன்.பார்ஸ் செய்து, வீசிய மெசேஜ் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபங்ஷனை மட்டும் தனியாகச் சோதித்தால் பினோவின் கீ விஷயம் மாதிரியானது பிடிபடாது. எங்கள் குழுவில் இந்தச் சோதனை ஒவ்வொரு பில்டிலும் ஓடுகிறது, லாகர் பதிப்பு மாறியபோது ஒரு முறை சிவப்பாகியும் இருக்கிறது.